நாற்காலிப் பாடம்

ஜூன் 3, திங்கள்

பவானிக்கு மிச்சமிருந்த பற்களையும் இன்று பிடுங்கியாயிற்று. ஈறெல்லாம் சீழ். டாக்டர் பையன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனி இது யாரையும் கடிக்காதுங்க மேடம், தைரியமா வளத்தலாம்" என்றான். பவானியைப் பற்றி. என்னிடம். ஒரு காலத்தில் போலீஸ் படைக்கு ஈற்று ஈற்றாகக் குட்டி கொடுத்தவளைப் பற்றி, ஏதோ சோபாவில் தூங்கும் பொமரேனியனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறான். படித்து முடித்த ஈரம் இன்னும் காயவில்லை.

தினமும் என்ன தின்கிறாள், எவ்வளவு மிச்சம் வைக்கிறாள் என்று எழுதி வைக்கச் சொன்னான். அதற்குத்தான் இந்த டைரி. உரக் கம்பெனிக்காரன் கொடுத்தது. முதல் பக்கத்தில் ஒரு தக்காளி பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர்க்காரன் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டான். பவானி எழுந்து போய் அவன் முன்னால் உட்கார்ந்து ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். தோளில் சிலிண்டரோடு கல்லாய்ச் சமைந்துவிட்டான். நான் வந்து "விடு" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான்.

"பல்லுதானுங்க்கா போச்சு. பார்வை அப்படியே இருக்குது" என்று சிரித்தான் நாச்சிமுத்து. சணலில் நெய்த தடித்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, திருடனாக நடித்து, நாய்களிடம் கடி வாங்குவது அவன் உத்தியோகம். கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தன்னை மாதிரிக் கடிபட்டவன் கிடையாது என்று அவனுக்கு ஒரு கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கஞ்சி: அரைக் கிண்ணம். முட்டை: தொடவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிணத்துக்கடவில் என் தென்னந்தோப்பு மைதானத்தில் கார்க் கண்காட்சி. நாய் வளர்ப்பவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

நகைக்கடைக்காரர் வந்தார். நாய்க்கு நான் வைத்த பேர் சிறுவாணி. அவர் வைத்த பேர் ரேம்போ. ரேம்போ குடை விரித்தால் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அவர் பேரப்பிள்ளைகள் பிஸ்கட் ஊட்டி ஊட்டிப் பன்றிக்குட்டி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து கல்லூரித் தாளாளர். "மேடம், போட்டோ எடுக்கறப்ப மட்டும் பல்லக் காட்டோணுங்க. அதுக்கு ஏதாச்சும் கமாண்டு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. பல் டாக்டருகிட்டக் கேளுங்க" என்றேன். அதையும் நாச்சிமுத்துவிடம் போய் விசாரித்திருக்கிறார்.

இவர்களாவது பரவாயில்லை. சூலூர்க்காரர் ஒருத்தர் எனக்குப் போட்டியாக நாய் பழக்குகிறார். மூன்று கோப்பை வாங்கிய நாய். போன வருஷம் அவர் வீட்டுக்கு நிஜத் திருடன் வந்தான். சாம்பியன் என்ன செய்தது? கொட்டகைக்கு ஓடிப்போய், சணல் உறையைக் கவ்விக்கொண்டு வந்து, திருடனின் காலடியில் வைத்து வாலை ஆட்டியது. மாட்டிக்கோ, விளையாடலாம் என்று. உறையைக் கடிக்கப் பழக்கினால் உறையைத்தான் கடிக்கும். திருடன் இன்வெர்ட்டர் பேட்டரியோடு உறையையும் எடுத்துக்கொண்டு போனானாம். நியாயம்தான்.

என் நாய்க்கு மனிதன்தான் பாடம். இந்த ஒரு வாக்கியம் புரிந்தவர் இத்தனை பேரில் ஒருத்தர்தான். பிரசன்னா. பம்பு உதிரிபாகம் செய்யும் ஃபேக்டரி வைத்திருக்கிறார். பவானியின் கடைசி ஈற்றில் பிறந்த நொய்யலை வாங்கியவர். பேரை மாற்றவில்லை. ஒரு வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. சத்தம் போட்டுப் பேசியதில்லை. "மேடம்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருக்கத் தெரிந்த ஆண்பிள்ளையை இந்த வயதில்தான் பார்க்கிறேன். என்னைக் கட்டியவருக்கு அது தெரியாது. நாயா நானா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை நான்.

பிரசன்னாவுக்கு வாய்த்த மனைவிதான் பாவம். சங்கவி என்று பேர். வாராவாரம் கூடவே வருகிறாள். காரை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியையும் இறக்குவதில்லை. நாய்க்குப் பயந்தவள் நாய்க்காரனுக்கு எதற்குக் கழுத்தை நீட்டினாளோ?

கஞ்சி: முக்கால் கிண்ணம்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நாற்காலிப் பாடம் ஆரம்பித்தோம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மற்ற பள்ளிகளில் திருடனை நிற்க வைத்து நாயைக் காவல் வைப்பார்கள். நிற்கிறவன் எத்தனை நேரம் நிற்பான்? போலீஸ்காரர் வீட்டைச் சோதனை போட்டுவிட்டு வருவதற்குள் அவனுக்குக் கால் நடுங்கும், அசைவான், நாய் பாயும். நான் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு ஆளை உட்கார வைத்தேன். "காவல்" என்றால் நாய் எதிரே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கும். கையை அசைத்தால் குரைக்கும். எழுந்தால் கடிக்கும். "விடு" என்று நாயை ஆள்பவர் சொல்ல வேண்டும். வேறு எவன் சொன்னாலும் காதிலேயே வாங்காது.

நொய்யல் ஒரே காலையில் பிடித்துக்கொண்டது. நாச்சிமுத்து மூக்கைச் சொறியப் போய் ஒரு குரைப்பு வாங்கினான். பவானியின் ரத்தம் அல்லவா.

பிரசன்னா கேட்டார்: "இது எத்தன நேரம் இப்படியே உக்காருமுங்க மேடம்?"

"நீங்க பழக்கற அளவுக்கு."

"உறை போடாத ஆளா இருந்தா? நடிக்கத் தெரியாத ஆளு. வீட்டுல சும்மா இருக்கறவங்க மாதிரி?"

இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் கேட்ட முதல் புத்திசாலித்தனமான கேள்வி இது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

ஜூலை 28ஆம் தேதி போட்டி. போலீஸ் நாய்ப் படை இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார். வெளிநாட்டு நாய் மோகம் பிடித்து என்னைக் கைகழுவியவர்கள்தான். இப்போது ஞானம் வந்திருக்கிறது. நொய்யல் நாற்காலிப் பாடத்தில் தேறினால், அதன் தங்கை அமராவதி போடப்போகும் குட்டிகளை எல்லாம் படைக்கே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சூலூர்க்காரர் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

பவானி முட்டை தின்றாள். சினையாக இருக்கும் அமராவதிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. கொட்டிலுக்கு பினாயில் வாங்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

அந்தச் சங்கவி இன்று காரை விட்டு இறங்கினாள். பிரசன்னா மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். கொட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டாள்.

"ஏனுங்க, இத நிறுத்தறதுக்கு என்னங்க சொல்லோணும்?"

"விடுன்னு சொல்லோணும். ஆனா நீ சொன்னா விடாது. ஒரு நாய்க்கு ஒரு எஜமான்தான் அம்மிணி. வாரவன் போறவனெல்லாம் விடுன்னா விடறதுக்கு அது என்ன ஆட்டோ ரிக்சாவா?"

"வேற ஒண்ணுமே இல்லீங்களா?"

"வேற எதுக்கு?"

அங்கிருந்து பிரசன்னா "சங்கவி" என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, முதுகு நிமிர்த்தி, நேரே பார்த்தபடி, வகுப்பு முடியும்வரை அசையவில்லை. நாச்சிமுத்துவுக்குக்கூட இவ்வளவு நன்றாக அசையாமல் உட்காரத் தெரியாது. சும்மா இருப்பதில் கெட்டிக்காரி என்று அவனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட பயல்.

ஜூன் 30, ஞாயிறு

மானம் போயிற்று. நொய்யல் நாற்காலிக்கு எதிரே சிலையாக உட்கார்ந்திருக்கிறது. நகைக்கடைக்காரர்கூட வாயைப் பிளந்து பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து, வேறொரு ஈற்றின் குட்டிகளுக்குச் சோறு வைக்கிற நினைப்பில் நான் பாத்திரத்தை அகப்பையால் தட்டிவிட்டேன். நசுங்கிய அலுமினியப் போசி, கொட்டாங்குச்சி அகப்பை. மூன்று தட்டு. என் கொட்டிலில் பிறந்த எல்லாக் குட்டிக்கும் பால் மறந்து சோறு தின்னப் பழகிய நாளிலிருந்து அந்தச் சத்தம்தான். நொய்யல் நாற்காலியை விட்டுவிட்டு, மைதானத்தைக் குறுக்கே பாய்ந்து வந்து, போசிக்குள் தலையைவிட்டது. பச்சைக் குட்டி மாதிரி குண்டியை ஆட்டிக்கொண்டு. தாளாளர் கைதட்டினார்.

பிரசன்னா வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. கழுத்துப்பட்டையைப் பிடித்து நாயின் முன்னங்கால் தரையில் படாதபடி தூக்கி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அக்கறை உள்ளவருக்குத்தான் கோபம் வரும்.

"இது இருக்கக் கூடாதுங்க மேடம். போட்டிக்குன்னு சொல்லல. வீட்டுல சமையக்கட்டுல யாராச்சும் தட்டத் தட்டுனா என்ன ஆவறது?"

"குட்டிப் பழக்கமுங்க. எடுத்துறலாம்."

"கண்டிப்பா எடுத்துருங்க."

அவர் போன பிறகு நாச்சிமுத்து உறையைக் கழற்றிக்கொண்டே, "அவுரு பாடம் நடத்தறப்ப நாயப் பாக்கறதில்லீங்க்கா. காரப் பாக்கறாரு" என்றான். புதுக் கார், யாராவது கோடு போட்டுவிடுவார்களோ என்று பார்த்திருப்பார் என்றேன்.

கஞ்சி: ஒரு கிண்ணம். மிச்சம் வைத்தாள்.

ஜூலை 3, புதன்

நொய்யலுக்கு நகம் வெட்டிவிட்டு வரச்சொல்லி நாச்சிமுத்துவை வடவள்ளியில் பிரசன்னா வீட்டுக்கு அனுப்பினேன். வந்தவன் டீயைக்கூடத் தொடாமல் நின்றான்.

"நம்முளுது மாதிரியே செவப்பு நாற்காலி ஒண்ணு ஹால்ல போட்டிருக்காருங்க்கா. செவுத்தப் பாத்த மாதிரி. அதுக்கு முன்னால தரையெல்லாம் நாய் மயிரு, நாள் முச்சூடும் ஒரே எடத்துல உக்காந்த மாதிரி."

"பாத்தியா? வீட்டுலயும் பழக்கறாரு. அவர்கிட்டக் கத்துக்கோ."

"பழக்கறது சரிங்க்கா. நாற்காலில ஆளு யாரு உக்காருவா?"

வாட்ச்மேனை உட்கார வைப்பார் என்றேன். போய்க் கொட்டிலைக் கழுவு என்று விரட்டினேன். கடி வாங்குகிறவனுக்கெல்லாம் துப்பறியும் புத்தி.

ஜூலை 4, வியாழன்

அந்த வீட்டில் வாட்ச்மேன் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

வகுப்பு நடந்தது. நொய்யல் அருமை. காருக்குள் பார்க்கவில்லை. எனக்கு வேறு வேலை இல்லையா?

ஜூலை 10, புதன்

போட்டிக்குத் தடுப்பூசிச் சான்றில் டாக்டர் பையன் தேதி தப்பாகப் போட்டிருந்தான். அதைக் கொடுக்கத்தான் வடவள்ளிக்குப் போனேன். வேறு எதற்கும் இல்லை. காந்திபுரத்தில் மேம்பாலம் கட்டினால் நெரிசல் குறையும் என்று சொன்னவனைப் பிடித்து அதே பாலத்தில் உட்கார வைக்க வேண்டும்.

வீட்டுக் கிரில் கேட் வெறுமே சாத்தியிருந்தது. பூட்டுக்கூட இல்லை. பூட்டு எதற்கு?

உள்ளே சிவப்பு நாற்காலி. சங்கவி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்மேல் இரண்டு கையும். எதிரே நொய்யல். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாலை ஆட்டியது. கண்ணை அவள்மேலிருந்து எடுக்கவில்லை. நான் பழக்கியது அப்படி. சங்கவியும் திரும்பவில்லை. கண் மட்டும் என் பக்கம் வந்தது. சேலை கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் கெண்டைக்காலில் காயம் ஆறிய தழும்பு. மேல்பல் இரண்டு, கீழ்ப்பல் இரண்டு, நிறைந்த வாய்க் கடி. பாதி வாயில் கவ்வுகிற நாயை நான் விற்பதில்லை.

"வாங்க மேடம். என்ன இந்தப் பக்கம்?"

பிரசன்னாவின் குரல். ஆள் இல்லை. சுவரில் முட்டைக்கண் மாதிரி ஒரு காமிரா. அதில்தான் பேசினார், ஃபேக்டரியில் இருந்துகொண்டு.

"சான்றுங்க. கொடுத்துட்டுப் போலாம்னு."

"டீப்பாய் மேல வெச்சுருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, பிராக்டிஸ் ஓடுது. சங்கவிதான் ஒத்தாச பண்றா. எனக்கு ஆளு வேணுமில்லீங்களா? போட்டி வருது."

நாற்பது வருஷமாக எவனையும் ஒரு வார்த்தையில் அறுத்துப் போடுகிற வாய் இது. அந்த வாய் என்ன சொன்னது? "சரிங்க. நல்லாப் பழக்குங்க" என்று சொன்னது. சான்றை டீப்பாய்மேல் வைத்தேன். கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தவும் செய்தேன்!

கஞ்சி: பவானி தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. இந்த மாதத்து அரிசி சரியில்லை.

ஜூலை 11, வியாழன்

நாச்சிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக நாலு கொடுத்திருப்பேன்.

ஜூலை 12, வெள்ளி

இந்தப் பள்ளி தொடங்கிப் பத்தொன்பது வருஷம். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் போட்டி. போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பிரசன்னாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று காலையில் நினைத்தேன். மத்தியானம், இன்றைக்கு அவளை எத்தனை மணிக்கு உட்கார வைத்திருப்பான் என்று நினைத்தேன். போட்டி முடிந்த மறுநாளாம். தூ!

சாயங்காலம் அமராவதி கொட்டிலுக்கு மருந்தடித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அவன் வந்தான். வந்ததும் முதல் கேள்வி, "அந்தத் தட்டுச் சத்தம் போயிருச்சுங்களா மேடம்?"

"பாத்துக்கோங்களே" என்றேன். நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிரசன்னா "காவல்" என்றான். சமையலறையிலிருந்து புது எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து நொய்யலின் காதுக்குப் பக்கத்திலேயே தட்டினேன். தோப்புக் காக்கா எல்லாம் பறந்தது. நொய்யல் அசையவில்லை. எப்படி அசையும்? எவர்சில்வர் சத்தம் அதற்கு என்ன தெரியும்? பெரிய நாய்க்காரன். போசிக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன், திருப்தியாகத் தலையாட்டினான்.

பிறகு நாச்சிமுத்து அவனை நாயோடு அந்தக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஓடுகிற திருடனைப் பிடிக்கிற பாடம். இன்றைக்கு அந்தத் திருடன் ஓட்டம் நிற்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும், "இன்னொருக்கா விடுங்க சார், சரியா வல்லீங்க சார்" என்று கத்திக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுக்காமலே சில சமயம் அவனுக்குப் புத்தி வந்துவிடுகிறது.

நான் காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள். நசுங்கிய அலுமினியப் போசியையும் அகப்பையையும் ஒரு சாக்குப் பையில் போட்டு அவள் காலடியில் வைத்தேன்.

"சோறு பெசஞ்சு போட்டு மூணு தட்டு. உக்காந்த எடத்துல இருந்தே தட்டலாம், எந்திரிக்க வேண்டாம்."

அவள் என்னையே பார்த்தாள். "நாயி கொலைக்குமுங்களே?"

"கை அசைஞ்சா கொலைக்கும். கொலைச்சாக் கொலைச்சுட்டுப் போவுது. முதத் தட்டு காதுல வுழுந்தாப் போதும். காவலுங்கறது அது போன மாசம் படிச்சது. இது அது பொறந்த வூட்டுச் சத்தம்."

"அவரு கத்துவாருங்க. காமிராவுல."

"கத்தட்டும். திங்கற நாய்க்குக் காது கேக்காது."

அவள் அந்த அகப்பையைத் தொட்டுப் பார்த்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். எனக்கு இந்த மாதிரிக் காட்சியெல்லாம் பிடிக்காது.

அவன் திரும்பி வந்தபோது எல்லார் காதிலும் விழும்படி அவளை நன்றாகத் திட்டினேன். "நாய்க்குச் சோறு வெக்கத் தெரியாம ஒரு பொம்பள! வயிறு ஒட்டிக் கெடக்குது. நாளைலருந்து ராகிக் களி கிண்டிப் போடு. பாத்திரமும் நானே குடுத்துருக்கறேன், அந்த எழவுலயே போடு!" அவனுக்கு ஒரே சந்தோஷம். "நல்லாச் சொல்லுங்க மேடம், நாஞ் சொன்னாக் கேக்கறதில்ல" என்றான்.

இனி டைரிக்குப் பொய் எழுதுவானேன்? அந்தப் போசி வெகுநாளாகக் கொட்டிலில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. தொலைந்தது.

ஜூலை 15, திங்கள்

யாரும் வரவில்லை. நான் யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

கஞ்சி: அரைக் கிண்ணம். கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். திறந்தால் கிறீச்சென்கிறது என்று. வாசலிலேயே நின்றால் நாச்சிமுத்து ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

ஜூலை 17, புதன்

பயந்தாங்கொள்ளி. தட்டமாட்டாள். எனக்கு அப்போதே தெரியும். கேட்டைச் சாத்திவிட்டு வந்தவளே நான்; அவளைச் சொல்லி என்ன?

ஜூலை 18, வியாழன்

பதினொரு மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் கோழித்தீவன மூட்டைகள், அதன்மேல் சங்கவி, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு நொய்யல். கக்கத்தில் அந்தப் போசி. தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு இறங்கினாள்.

"தட்டுனேனுங்க" என்றாள். "வந்துருச்சுங்க."

மேலே சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தாள்.

"முதல்ல கை வரலீங்க. மூணு நாளா அவரு போறதுக்கு முந்தியே களியக் கிண்டி, போசிய நாற்காலிக்கடியில வெச்சுக்கிட்டு, சும்மாவே உக்காந்திருந்தேனுங்க. இன்னைக்குத் தட்டிப்போட்டேன். ஒருக்கா கொலைச்சுதுங்க, அவ்வளவுதான். பொறவு அது வாலை ஆட்டிக்கிட்டு... நாம் பயந்த நாயாங்க இது? அவரு காவலு காவலுன்னு கத்திட்டே இருந்தாருங்க. இது நக்கிட்டே இருந்துச்சுங்க." சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஓவென்று கத்திவிட்டேன், "அழுவாத, சும்மா இரு!" என்று. எனக்கும் கண் கரித்தது. பினாயில் நெடி.

தாராபுரத்தில் அக்கா இருக்கிறாளாம். நாச்சிமுத்து பைக்கை எடுத்தான். ஏறப் போனவள் நின்று, "அக்கா வீட்டுக்கு அப்பறம் போலாமுங்க. முதல்ல மகளிர் ஸ்டேசனுக்குப் போலாமுங்களா? தழும்பு மங்கிப் போறதுக்குள்ள காட்டோணும்" என்றாள். பயந்தாங்கொள்ளி என்று நேற்று எழுதினேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.

நொய்யலைக் கொட்டிலில் அடைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு, நொய்யல் போட்டிக்கு வராது என்றேன்.

"ஏனுங்க மேடம்?"

"சோத்துச் சத்தம் கேட்டா ஆள விட்டுட்டு ஓடியாருதுங்க."

"அப்ப அந்த ஈற்றுக் குட்டிகளும்...?"

"அப்படித்தானுங்க. என்ற கொட்டில்ல பொறக்கற ஒவ்வொண்ணும் அப்படித்தான் இருக்கும். இனிமேலும்."

"அப்ப வேண்டாங்க மேடம்" என்றார். வேண்டாமென்றால் போகட்டும். சூலூர்க்காரரிடம் உறை கொண்டுவந்து கொடுக்கிற நாய் இருக்கிறது, வாங்கிக்கொள்ளட்டும். வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் அந்தத் தக்காளியே சிரிக்கும்.

அரை மணியில் அவன் வந்தான். கார்க் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினான். அதே சிரிப்பு.

"வீட்டுப் பிரச்சினைங்க மேடம். அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. உள்ள இருக்காளா?"

"உக்காருங்க. பேசலாம்" என்றேன். மைதானத்துச் சிவப்பு நாற்காலி மரத்தடியில் கிடந்தது. உட்கார்ந்தான். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

நான் பக்கத்துக் கொட்டில் கதவைத் திறந்தேன். "பவானி. காவல்."

இடுப்பு பிடித்துக்கொண்ட நடை. ஆனாலும் வந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தாள்.

"மேடம், வெளையாடாதீங்க" என்று எழுந்தான். பவானி ஒரே ஒரு தடவை, அடிவயிற்றிலிருந்து உறுமினாள். அவன் உட்கார்ந்துவிட்டான். நீட்டிய காலையும் மடக்கிக்கொண்டான்.

"இவதான் நொய்யலோட ஆத்தா. நாற்காலிப் பாடம் முதமுதல்ல படிச்சது இவ. விடுங்கறது என்ற குரல்ல மட்டுந்தானுங்க. நீங்க நல்லாப் படிச்சவரு, எல்லாம் தெரியுமில்ல?"

"நான் போலீஸுக்கு போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க. கைய அசைச்சு எடுத்துப் பண்ணுங்க."

சட்டைப் பையில் அவன் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவன் தொடவில்லை. நெற்றியில் வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. இரண்டு கையும் தானாகவே முழங்கால்மேல் வந்துவிட்டன. நான் எதிரே உரமூட்டையில் உட்கார்ந்து இந்த டைரியை எழுதத் தொடங்கினேன். தண்ணீர் கேட்டான். அவளுக்குக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

மகளிர் ஸ்டேஷன் ஜீப் வந்தபோது தென்னை நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. பெண் எஸ்.ஐ. ஒருத்தி இறங்கினாள், கூட இரண்டு காவலர்கள். பின்னால் பைக்கில் நாச்சிமுத்து. கேட்டுக்குள் வந்த எஸ்.ஐ. நாற்காலியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், அங்கேயே நின்றுகொண்டு, "அத மொதல்ல கட்டுங்கம்மா, கடிச்சு வெக்கப் போவுது" என்றாள்.

"விடு பவானி" என்றேன்.

பவானி எழுந்தாள். முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தாள். அவன் முகத்துக்கு நேராக வாயை முழுசாகத் திறந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள். அவன் அந்த வாய்க்குள் பார்த்தான். வெறும் ரோஸ் நிற ஈறு. ஒரு பல் இல்லை.

நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் எஸ்.ஐ.யே பயந்துவிட்டாள்.

கஞ்சி: ஒரு கிண்ணம். முட்டை: இரண்டு. மிச்சம் வைக்கவில்லை.